கிராபிக்ஸ் கார்டும் ஒரு பழைய ஃபயர்வயர் கார்டும்

கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு ஆவணி மாதம் என்றால் தூக்கம் கிடையாது. ஆடியில் ஈ ஓட்டிக்கொண்டு இருந்தவர்களுக்கு ஒரே வாரத்தில் நாலு முகூர்த்தம் வரும். 2023 ஆவணியில் ஒரு சின்ன ஊர் ஸ்டுடியோக்காரருக்கும் அப்படித்தான். எல்லாம் 4கே. அதில் ஒரு மாப்பிள்ளை துபாய்க்காரர். பத்து நாளில் விமானம். "பென் டிரைவை கையில வாங்கிட்டுத்தான் ஏறுவேன்" என்று மண்டபத்திலேயே சொல்லிவிட்டார். மீதிப் பணமும் அப்போதுதான்.

ஸ்டுடியோவில் இருந்த கம்ப்யூட்டர் ரொம்ப மோசமும் இல்லை, ரொம்ப நல்லதும் இல்லை. பி450 மதர்போர்டு, ரைசன் 5 2400ஜி பிராசசர். இந்தப் பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் உண்டு, அதை வைத்தே இத்தனை நாள் ஓட்டியாகிவிட்டது. 4கே வந்த பிறகு நிறத்தைக் கொஞ்சம் திருத்தி, இரண்டு எஃபெக்ட் போட்டாலே திரையில் மணமகன் தாலி கட்டுவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். எனவே 7,500 ரூபாய்க்கு செகண்ட் ஹேண்டில் ஒரு ரேடியான் ஆர்எக்ஸ் 580 வாங்கினார். 8 ஜிபி கார்டு. விற்ற பையன் தன் வீட்டில் வைத்து ஒரு கேம் ஓட்டிக் காட்டினான், கார்டைக் கொதிக்கவைக்கும் அந்த டெஸ்ட்டையும் கால் மணி நேரம் ஓட்டிக் காட்டினான். எல்லாம் சுத்தம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால், வேகம் பழைய குருடி கதைதான். டைம்லைனில் ஓடவிட்டால் நொடிக்கு ஆறு, ஏழு ஃபிரேம். நம் ஊர் வீடியோவுக்கு 25 வேண்டும்.

அடுத்த மூன்று நாள் நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை, யார் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தாலும் நடப்பதுதான். டிரைவரை அழித்துப் புது டிரைவர், அதையும் அழித்துப் பழைய டிரைவர், விண்டோஸ் ஃபார்மட். பவர் சப்ளை பத்தவில்லை என்று ஒருவர் சொல்ல, 2,800 ரூபாய்க்கு அதுவும் மாற்றியாயிற்று. மானிட்டர் கேபிளை மதர்போர்டிலேயே விட்டுவிட்டாரோ என்றுகூடப் பார்த்தார்கள் (சிரிக்க வேண்டாம், பாதிப் பேர் அதைத்தான் செய்வார்கள்). இல்லை, கேபிள் கார்டில்தான் இருந்தது.

நாலாம் நாள் ஸ்டுடியோக்காரர் முடிவுக்கு வந்துவிட்டார்: இது மைனிங் கார்டு, ஏமாற்றிவிட்டான். சந்தேகத்துக்கு நியாயமும் இருந்தது. 2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங் முறையையே கைவிட்ட பிறகு, ராத்திரி பகலாக உழைத்துக் களைத்த ஆர்எக்ஸ் 580 கார்டுகள் சந்தைக்கு மூட்டை மூட்டையாக வந்தன. விற்ற பையனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போனது. அதில் இருந்த வார்த்தைகள் இங்கே வேண்டாம்.

கார்டைக் கழற்றி சண்டைக்குக் கிளம்புமுன், தெருமுனையில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று போனார். அவர் பென்டியம் காலத்திலிருந்து கடை வைத்திருப்பவர். கதை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி.

"தம்பி, எந்த ஸ்லாட்ல சொருகியிருக்க?"

"கீழ இருக்கறதுலண்ணே. பெரிய ஸ்லாட்தான், சரியா உக்காந்துச்சு."

"உக்காரும். உக்காந்துடும். அதான் பிரச்சினையே."

இங்கே கொஞ்சம் நின்று விஷயத்தைப் பார்ப்போம். மதர்போர்டில் இருக்கும் நீளமான ஸ்லாட் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறோம். இல்லை. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்பது லேன் கணக்கு. ஒரு கார்டு 16 லேன் கார்டாக இருக்கலாம், ஸ்லாட்டின் நீளமும் அதற்குப் பொருந்தலாம், ஆனால் உள்ளே எத்தனை லேனுக்கு வயர் இழுத்திருக்கிறான் என்பது வேறு விஷயம். மேல் ஸ்லாட் பிராசசரிடமிருந்து நேராக வருகிறது. கீழ் ஸ்லாட் சிப்செட்டைச் சுற்றிக்கொண்டு வருகிறது, அதிலும் நாலே லேன். பி450 சிப்செட்டின் லேன்கள் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 2.0 ரகம். லேனுக்கு நொடிக்கு 500 எம்பி. மொபைல் டார்ச்சை அடித்து ஸ்லாட்டுக்குள் பார்த்தால், பல போர்டுகளில் கண்ணுக்கே தெரியும்: மேல் ஸ்லாட்டில் கடைசி வரைக்கும் தங்கப் பல் வரிசை, கீழ் ஸ்லாட்டில் கொஞ்ச தூரம் வந்து நின்றுவிட்டு, மீதி வெறும் பிளாஸ்டிக்.

இதில் ஒரு தந்திரம் உண்டு. கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது கார்டும் போர்டும் பேசி, இரண்டு பேராலும் முடிந்த அகலத்தையும் வேகத்தையும் முடிவு செய்துகொள்ளும். 16 முடியாவிட்டால் 8, அதுவும் முடியாவிட்டால் 4, 2, 1. கம்மியாக முடிவானால் எந்த எச்சரிக்கையும் வராது. படம் தெரியும், டிரைவர் ஏறும், விண்டோஸ் "சாதனம் சரியாக இயங்குகிறது" என்று சொல்லும். பொய் இல்லை, சரியாகத்தான் இயங்குகிறது.

பெரியவர் கடையைச் சாத்திவிட்டு ஸ்டுடியோவுக்கே வந்தார். ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருளை இறக்கினார்கள். அதில் பஸ் இன்டர்ஃபேஸ் என்று ஒரு கட்டம் உண்டு. முதலில் கார்டின் தகுதி, அடுத்து இப்போது ஓடும் நிலை. தகுதி: 16 லேன், 3.0. ஓடும் நிலை: 2 லேன், 1.1.

ஸ்டுடியோக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "பாத்தீங்களாண்ணே, 1.1! நான் சொல்லல?"

பெரியவர் அசரவில்லை. கட்டத்தின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி பட்டன் இருக்கும், அதை அழுத்தி டெஸ்ட்டை ஓடவிட்டார். கார்டுக்கு வேலை வந்ததும் 1.1 என்பது 2.0 ஆனது. வேலை இல்லாதபோது மின்சாரம் மிச்சம் பிடிக்க கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அது நோய் இல்லை. இது தெரியாமல் நல்ல கார்டைத் திருப்பிக் கொடுத்தவர்கள் எத்தனை பேரோ! பார்க்க வேண்டியது லேன் எண்ணிக்கையை. அது டெஸ்ட் ஓடும்போதும் 2 என்றே நின்றது.

சரி, கீழ் ஸ்லாட்டில் 4 இருக்க வேண்டுமே, 2 ஏன்?

மதர்போர்டு கையேட்டைத் தேடினார்கள். (அது எங்கே இருந்தது என்று கேட்கிறீர்களா? புது மாதிரி இருக்கிற டப்பாவோடு பரணில்.) அதில் பொடி எழுத்தில் ஒரு வரி: நடுவில் இருக்கும் சின்ன ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் கீழ் ஸ்லாட் 2 லேனுக்குக் குறையும். பட்ஜெட் சிப்செட்டில் லேன்கள் எண்ணி வைத்த மாதிரிதான் இருக்கும், ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறையும்.

அந்தச் சின்ன ஸ்லாட்டில் என்ன இருந்தது? ஒரு ஃபயர்வயர் கார்டு. மினி டிவி கேசட்டிலிருந்து வீடியோ இறக்குவதற்காக வைத்திருந்தது. 2000களில் நடந்த கல்யாணங்களின் கேசட்டை யாராவது இன்னும் கொண்டுவந்து கொடுப்பதால், அதைக் கழற்ற அவருக்கு மனசு வரவில்லை. ஆர்எக்ஸ் 580 இரண்டு ஸ்லாட் தடிமன். மேலே மாட்டினால் ஃபயர்வயரை மூடிவிடும். அதற்காகத்தான் கீழே மாட்டினார். ஆக, தன்னை நகரவிடாமல் கார்டைக் கீழே அனுப்பியதும் ஃபயர்வயர், கீழே போன பிறகு பாதி லேனைச் சாப்பிட்டதும் ஃபயர்வயர்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த ஆறு, ஏழு ஃபிரேமுக்குக் காரணம் தெரியும். ஒரு 4கே ஃபிரேமில் 3840 பெருக்கல் 2160 புள்ளி. நிறத்திருத்தத்துக்காக 32 பிட் துல்லியத்தில் அனுப்பினால் ஒரு புள்ளிக்கு 16 பைட், ஒரு ஃபிரேமுக்கு கிட்டத்தட்ட 133 எம்பி. இரண்டு லேன் 2.0 என்றால் நொடிக்கு 1000 எம்பி. வகுத்தால் ஏழரை ஃபிரேம். இது காகிதக் கணக்கு, நிஜத்தில் இன்னும் கொஞ்சம் குறையும். பிராசசருக்குள் இருந்த பழைய கிராபிக்ஸுக்கு இந்தக் கஷ்டமே இல்லை, அது ராமிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறது. வேகமான ஆளை வேலைக்கு வைத்துவிட்டு, அவனுக்குச் சாமானை ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாக நீட்டினால் என்ன ஆகும்?

விற்ற பையன் காட்டிய டெஸ்ட் ஏன் சுத்தமாக ஓடியது என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. அங்கே கார்டு சரியான ஸ்லாட்டில் இருந்தது என்பது ஒன்று. இரண்டாவது, அந்த மாதிரி டெஸ்ட்டுக்கும் பல கேம்களுக்கும் தேவையானதெல்லாம் ஒருமுறை கார்டின் 8 ஜிபிக்குள் ஏறிவிடும், பிறகு பாதையில் பெரிய போக்குவரத்து இல்லை. மைனிங்கும் அப்படித்தான், கார்டுக்கு ஒரே ஒரு லேன் கொடுத்து வருஷக்கணக்கில் ஓட்டினார்கள். வீடியோ எடிட்டிங்கில்தான் ஒவ்வொரு ஃபிரேமும் போய்த் திரும்ப வேண்டும்.

பெரியவருக்கு இதெல்லாம் புதிதில்லை. ஏ.ஜி.பி. காலத்திலேயே இந்தக் கூத்து உண்டு. இன்டெல் 1996ல் ஏ.ஜி.பி.யை அறிவித்தது. 4எக்ஸ் வேகத்தில் நொடிக்கு 1066 எம்பி, பழைய பி.சி.ஐ.யிலோ 133 எம்பிதான். வியா சிப்செட் போர்டு வாங்கியவர்கள் விண்டோஸ் 98 போட்டுவிட்டு, கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டும் டிரைவர் போடுவார்கள். சிப்செட்டுக்கு "ஃபோர் இன் ஒன்" என்று ஒரு டிரைவர் தனியாகப் போட வேண்டும். போடாவிட்டால் கார்டு ஏ.ஜி.பி. ஸ்லாட்டில் உட்கார்ந்துகொண்டே பி.சி.ஐ. கார்டு மாதிரி நடந்துகொள்ளும். அப்போதும் கார்டுதான் திட்டு வாங்கியது. எதிர்ப்பக்கமும் உண்டு: 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டுக்கு நாலு லேன்தான், 4.0 வேகத்தை நம்பிச் செய்தது. 3.0 போர்டில் போட்டால் பாதை பாதியாகிவிடும். அங்கே மாட்டியவர் மேல் குற்றம் சொல்ல முடியாது.

இங்கே தீர்வு ரொம்பச் சுலபம். கார்டை மேலே மாற்றினார்கள், ஃபயர்வயர் கார்டை கீழ்ப் பெரிய ஸ்லாட்டில் போட்டார்கள். சின்ன கார்டு பெரிய ஸ்லாட்டில் தாராளமாக வேலை செய்யும், மினி டிவிக்கு நொடிக்கு 4 எம்பிகூட வேண்டாம். இடம் மாற்றி உட்காரவைத்ததோடு சரி, ஒரு பைசா செலவில்லை.

ஆனால் ஜி.பி.யு.-இசட் திறந்தால் 8 லேன், 3.0 என்று காட்டியது. மறுபடியும் முகம் வாடியது. "16 வரலையேண்ணே." கார்டைக் கழற்றி, தங்கப் பற்களை ரப்பரால் தேய்த்து, திரும்ப மாட்டினார். அதே 8. பெரியவரே கொஞ்சம் குழம்பித் தலையைச் சொறிந்தார். பிறகுதான் தெரிந்தது, 2400ஜி மாதிரி கிராபிக்ஸோடு வரும் அந்தக் கால ரைசன் பிராசசர்கள் வெளிக் கார்டுக்கு 8 லேன்தான் கொடுக்கும். போர்டில் 16 என்று அச்சடித்திருந்தாலும் அவ்வளவுதான். எட்டு லேன் 3.0 என்றால் நொடிக்கு கிட்டத்தட்ட 7,900 எம்பி, அதே 133 எம்பி ஃபிரேம் 59 போகும். தேவை 25. ரப்பரைக் கீழே வைத்தார்.

அன்று ராத்திரி டைம்லைன் தடங்கலில்லாமல் ஓடியது. துபாய்க்காரருக்கு விமானத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பென் டிரைவ் கைக்குப் போனது, மீதிப் பணமும் வந்தது. பவர் சப்ளைக்குக் கொடுத்த 2,800 தண்டம்தான், பழையது இன்னும் மூலையில் கிடக்கிறது.

மிச்சம் இருந்தது அந்த வாட்ஸ்அப் மெசேஜ். அழிக்கப் பார்த்தார், நேரம் கடந்துவிட்டது, நீல டிக்கும் விழுந்திருந்தது. ஒருநாள் முழுக்கத் தயங்கிவிட்டு போன் செய்து, "தம்பி, தப்பு என் மேலதான், ஸ்லாட்ட மாத்திப் போட்டுட்டேன், மன்னிச்சுக்க" என்றார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"பரவாயில்லண்ணே," என்றான் பையன். "அதே மாடல் இன்னொண்ணு இருக்கு. தேவைப்பட்டா சொல்லுங்க."