ஆட்காட்டிக்கு ஒரு செக்போஸ்ட்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. சம்பந்தி வீட்டு விவகாரமெல்லாம் படித்தேன். அதற்குத் தனியாக நாலு பக்கம் எழுத வேண்டும். இப்போது எங்கள் வீட்டுக் கூத்தைக் கேள்.

இவர் ரிட்டயர் ஆனதிலிருந்து சுத்தியல் சத்தம் ஓயவில்லையடி. பேக்கிங் பெட்டிப் பலகையை எடைக்கு வாங்கிவந்து குருவிக்கூண்டு அடிக்கிறார். சும்மா கூண்டு இல்லை, அந்தந்தப் பறவையின் பேருக்கேற்ற வீடாம்! தையல்சிட்டுக்குத் தையல்மிஷின் வடிவில் ஒன்று; சக்கரத்துக்கு என் பாபின் போயிற்று. ஆட்காட்டிக்குச் சிவப்பும் வெள்ளையும் வரிபோட்ட செக்போஸ்ட், 'நில்' என்ற பலகையோடு. தவிட்டுக்குருவிக்கு ரைஸ்மில், பழைய டார்ச் லைட்தான் புகைபோக்கி. கொண்டலாத்தி வீட்டுக் கூரையில் விசிறிக்கொண்டை வைக்கக் குச்சி வேண்டுமென்று பேரப்பிள்ளைகளுக்குக் குச்சி ஐஸாக வாங்கித் தள்ளினார். மருமகள் முகத்தை நீ பார்த்திருக்கணும்!

எதிர்வீட்டு மாமிக்குப் பொறுக்குமா? "இதிலெல்லாம் எது குடிவரும்?" என்று தெருவே கேட்கக் கேட்டாள். கேள்வி நியாயம்தான். தையல்சிட்டு இலையைத் தைத்து அதற்குள் கூடு வைக்கும். ஆட்காட்டி வெட்டவெளித் தரையில் முட்டையிடும். தவிட்டுக்குருவிக்கு மரக்கிளைக் கவடு போதும். பொந்து தேடுவது கொண்டலாத்தி மட்டும். அதன் சங்கதி தெரியுமா? அடைகாக்கும் பெட்டை, வாலடிச் சுரப்பியிலிருந்து அழுகின இறைச்சி நாற்றமடிக்கும் எண்ணெயை எடுத்து இறகிலும் முட்டையிலும் பூசிக்கொள்ளும். கிருமி அண்டாமலிருக்கவாம். அது மட்டும் குடிவந்தால் மாமி வீட்டைக் காலி பண்ணிவிடுவாள். நானும் வேண்டாத தெய்வமில்லை.

கடைசியில் ரைஸ்மில்லில் குடியேறியது யார் என்கிறாய்? சிட்டுக்குருவி! வாசல் துளை 32 மில்லிமீட்டர்; குருவி நுழையும், மைனா நுழைய முடியாது. இந்த விஷயத்தில் மட்டும் இவரை மெச்சத்தான் வேண்டும். வேடிக்கையெல்லாம் வெளியேதான். உள்ளே ஒரு சொட்டுச் சாயம் கிடையாது. வழவழப்பாக இழைப்பதும் கிடையாது, குஞ்சு பற்றி ஏறப் பலகை சொரசொரப்பாக இருக்கணுமாம். தண்ணீர் வடிய அடிப்பலகையில் ஓட்டை, சாரல் அடிக்காமல் முன்னால் நீண்ட கூரை. மேற்கு வெயில் படாத சுவரில்தான் மாட்டுகிறார்.

மாமியும் சும்மா இருப்பாளா? பொருட்காட்சியில் ஒன்று வாங்கிவந்து மொட்டைமாடியில் மாட்டினாள். தகரக் கூரை, உள்ளே வார்னிஷ் வாடை, வாசலில் உட்காரக் குச்சி வேறு. குருவிக்கு அந்தக் குச்சி தேவையே இல்லை. காக்கை நின்று உள்ளே மூக்கை விடத்தான் தோது. சித்திரை வெயிலில் அந்தத் தகரத்துக்குள் முட்டை வெந்தே போகும். நான் சொன்னால் பொறாமை என்பாள்.

உன் கொல்லையில் குண்டுகரிச்சான் பாடுகிறது என்று எழுதியிருந்தாயே, அது பெட்டியில் கூடு வைக்கிற ஜாதி. வாசல் மட்டும் கொஞ்சம் பெரிசாக வேண்டும். பேருக்கேற்றபடி தொந்தியும் தொப்பையுமாக ஒரு வீட்டுக்கு இவர் கோடு போட்டுவிட்டார். பங்குனிக்குள் மாட்டிவிடணும். கிணற்றடிச் சுவர் எந்தத் திசை பார்த்தது, பூனை ஏறுமா, இரண்டையும் உடனே எழுது.