வீடு மாறிய அந்துப்பூச்சி

ஒன்பதாம் வகுப்பு முடியும்வரை நாங்கள் ஐவர். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது நால்வர் ‘ஏ’ பிரிவிலும், ஒருத்தி மட்டும் ‘பி’ பிரிவிலும் சேர்க்கப்பட்டோம். முதல் வாரம் அழுதோம். இரண்டாம் மாதம் அவளை மறந்தே போனோம். ஒருநாள் மதியம் டிபன் டப்பாவுடன் எங்களைத் தேடி வந்தவளிடம், “உன் வகுப்புப் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்களே!” என்றாள் எங்களுள் ஒருத்தி. மற்ற மூவரும் சிரித்தோம். அதன்பின் அவள் வரவில்லை.

அறிவியல் கண்காட்சிக்கு எங்களுக்குக் கிடைத்த தலைப்பு, ‘வட அமெரிக்காவின் புல் அந்துப்பூச்சிகள்’. “இதில் என்ன இருக்கிறது?” என்று முணுமுணுத்தபடியே படம் வரையத் தொடங்கினோம்.

இவை பகலில் சிறகுகளை உடலோடு சுருட்டிக்கொண்டு புல் தண்டில் ஒட்டியிருக்கும். காய்ந்த புல் துண்டு என்றே தோன்றும். பென்சில்வேனியாவில் வாழ்ந்த பிரெக்கன்ரிட்ஜ் கிளெமென்ஸ் என்ற மருத்துவர், 1860-இல் இவற்றுள் மங்கிய நிறமுடைய ஒன்றை விவரித்து, கிராம்பஸ் என்னும் பேரினத்தில் சேர்த்தார். இருண்டது என்று இலத்தீனில் பொருள்படும்படி கலிஜினோசெல்லஸ் எனப் பெயரிட்டார். இதன் புழு பட்டு நூலால் கூடு பின்னி, மக்காச்சோளப் பயிரின் அடித்தண்டைக் கடித்துத் தின்னும். 1995-இல் பெர்னார்டு லாண்ட்ரி என்ற ஆராய்ச்சியாளர் இவ்வகைப் பூச்சிகளின் உடலமைப்பை ஒப்பிட்டு ஆராய்ந்து, இதையும் இதன் நெருங்கிய உறவினங்களையும் நியோடாக்ட்ரியா என்னும் புதிய பேரினத்தில் வைத்தார்.

“அப்படியானால் கிளெமென்ஸ் வைத்த பெயர் போய்விட்டதா, சிஸ்டர்?” என்று கேட்டோம்.

“சிற்றினப் பெயர் போகாது, பிள்ளைகளே. பேரினம் மாறிவிட்டால், முதலில் விவரித்தவர் பெயரை அடைப்புக்குறிக்குள் எழுதுவார்கள். முன்பு வேறு வீட்டில் இருந்தது என்பதற்கு அதுவே அடையாளம். பூச்சி மாறவில்லை, நாம் வைக்கும் பெட்டிதான் மாறியது.”

நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அன்று மாலை ‘பி’ பிரிவு வாசலில் போய் நின்றோம். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. “தலைப்பு எழுத உன் கையெழுத்துதான் வேண்டும்” என்றோம். அவள் சற்று நேரம் எங்களையே பார்த்தாள். பிறகு தூரிகையை வாங்கிக்கொண்டாள். கிளெமென்ஸ் பெயரின் இருபுறமும் அடைப்புக்குறியிட்டவள் அவளே!

தேர்வு முடிந்ததும் ஐவரும் ஐந்து திசைகளுக்குப் போவோம். எந்தப் பள்ளியோ, எந்தப் பிரிவோ, யாரறிவார்? எங்கே சேர்ந்தாலும் அடைப்புக்குறிக்குள் இந்தப் பள்ளியின் பெயரை எழுதிக்கொள்வோம்.