அரக்குப் பூச்சு

விழாமலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, இக்கல்லூரியின் மரவேலைக் கூடமே எமது நினைவில் முதலில் எழுந்தது.

1994ஆம் ஆண்டு மாரியில், ஒன்பதாம் வகுப்பு மாணவராயிருந்த யாம், தந்தையார் திருமுறை ஓதுதற்கென வேப்பம்பலகையில் ஒரு புத்தகத் தாங்கி செய்தோம். பொருத்துகள் செம்மையாய் அமைந்தன, மெருகிடுதலிலேயே பிழைத்தோம். பலகாற் பூசவேண்டிய அரக்கை, அவசரத்தால், அடைமழை நாளில் ஒரே முறையிற் தடிப்பாகப் பூசிவிட்டோம். மறுநாட் பலகை பால் படர்ந்தாற்போல் வெளுத்திருந்தது. தொட்ட விரலும் ஒட்டியது.

ஆசிரியர் சினந்தாரல்லர். "தம்பி, அரக்கு அவசரத்துக்கு அடங்காது. ஸ்பிரிற்றாலே துடைச்சுப்போட்டு முதலிலேயிருந்து தொடங்கும்" என்றார்.

அரக்கு, பலாசு, இலந்தை முதலிய மரக்கொம்புகளில் வாழும் நுண்ணிய பூச்சிகள் சுரக்கும் பிசின். பாண்டவரை எரித்தற்குச் சமைத்த மாளிகைக்கு உதவிய அப்பொருளே மரத்துக்கு அழகும் தருகின்றது. அது நீரிற் கரையாது, மதுசாரத்திற் கரையும். ஒரு லீற்றர் ஸ்பிரிற்றில் ஏறத்தாழ 200 கிராம் செதிலரக்கை ஓரிரவு ஊறவிட்டு வடித்தல் வேண்டும். பஞ்சைப் பழந்துணியிற் பொதிந்து தோய்த்து, ஆளிவிதை எண்ணெய் ஒரு துளி தொட்டு, மெல்லெனத் தேய்த்தல் வேண்டும். கை இடையில் நின்றால் அவ்விடத்தே வடு விழும். ஸ்பிரிற் ஆவியாகுங்காற் பலகை குளிர்ந்து காற்றின் ஈரத்தை ஏற்பதாலேயே மழைநாட் பூச்சு வெளுக்கின்றது. அரக்கின் சிறப்பியல்பு வேறொன்று: புதிய பூச்சு பழைய பூச்சை இளக்கி, அதனோடு ஒன்றாய்விடும்.

இரண்டாம் முறை பொறுமையோடு பூசினோம். இறுதிப் பூச்சு இறுகுமுன்னரே தந்தையார் ஆவலோடு தாங்கியைத் தூக்கினார். வலப்பக்க மூலையில் அவரது பெருவிரல் இரேகை பதிந்துவிட்டது. யாம் வருந்தினோம். அவரோ, "இருக்கட்டும், இது என்ர கையெழுத்து" என்று சிரித்தார்.

1995 ஒற்றோபர் 30ஆம் நாள் இரவு ஊரோடு இடம்பெயர்ந்தோம். தாங்கியைச் சுமக்க இயலவில்லை. தென்மராட்சியிலே தந்தையார் காய்ச்சலால் இறந்தார். 1996இல் தாயாரோடு மீண்டபோது, கூரையிழந்த வீட்டில், மழையில் நனைந்து வெளுத்துக் கிடந்தது தாங்கி. விரலடையாளம் மட்டும் அழியாதிருந்தது.

பல்லாண்டுகள் அதனைத் தொட அஞ்சினோம். பழைய பூச்சை இளக்கும் ஸ்பிரிற் அவ்விரலடையாளத்தையும் இளக்கிவிடுமன்றோ? ஆசிரியப் பயிற்சி முடித்து இக்கல்லூரிக்கே ஆசிரியராய் வந்தபின், ஒரு பங்குனி வெயிலிலே துணிந்தோம். துணி பட்டவிடமெல்லாம் வெண்மை அகன்றது. பழைய அரக்கும் புதிய அரக்கும் பிரித்தறிய இயலாவண்ணம் ஒன்றாயின. வலப்பக்க மூலையை மட்டும் தொடாது விட்டோம்.

வீட்டுக்கு வரும் மாணவர், "சேர், இந்த மூலையை மறந்துபோனீர்களோ?" என்று கேட்பதுண்டு. மறவாமைக்கே விட்டோம் என்போம்.