கழித்துப் பார்த்ததில் வந்த முகம்

அந்தக் கசற்றில் மாமா வருவது மொத்தம் 14 செக்கன்.

எங்கள் மூன்று பேரில் ஒருத்தியின் மாமா அவர். அம்மாவின் தம்பி. 2003இல், ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில், கிளிநொச்சியில் நடந்த ஒரு கலியாணவீடு. வாழையிலைக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு பந்தலுக்குள்ளால் நடந்து வருவார், கமராவைக் கண்டு சிரிப்பார், போய்விடுவார். 2009க்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வீட்டு அல்பங்கள் எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன. மாப்பிள்ளை வீட்டார் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்த பிரதி ஒன்றுதான் மிஞ்சியது. அதுவும் கசற்றில் இருந்து கசற்றுக்கு அடித்த கொப்பி. படம் முழுக்கப் புள்ளி புள்ளியாய் இரைச்சல்.

நாங்கள் கலைப்பீடம். வீடியோ தொழில்நுட்பம் படித்தவர்கள் இல்லை. ஒரு ஸ்ரூடியோக்காரரிடம் பழைய டெக்கை இரவல் வாங்கி, லப்டொப்பில் செருகும் ஒரு சின்னக் கருவியால் கசற்றைப் பதிந்தோம். அம்மாவும் பக்கத்தில் இருந்தா. டெக்கை முதலில் பழைய பெட்டி ரீவியில் கொழுவிப் பார்த்தபோது அவ ஒன்றும் கதைக்கவில்லை. "இன்னொருக்காப் போடுங்கோ பிள்ளையள்" என்று மட்டும் சொன்னா.

இழப்பில்லாமல் பதிந்த கோப்பு மணித்தியாலத்துக்கு 30 ஜிபிக்குக் கிட்ட வந்தது. அதை வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு அனுப்ப ஏலாது. எச்.264 ஆகச் சுருக்கவேண்டும். சுருக்கமுதல் இரண்டு வேலை இருந்தது. கசற்றின் ஒரு படம் 576 வரி. அது ஒரே நேரத்தில் எடுத்த படம் இல்லை. ஒற்றை வரிகள் ஒரு கணம், இரட்டை வரிகள் செக்கனில் 50இல் ஒரு பங்கு தள்ளி. கணினித் திரையில் அசைகிற எல்லாவற்றின் ஓரமும் சீப்புப் பல் மாதிரித் தெரியும். முதல் வேலை அதைப் பிரிப்பது. இரண்டாவது, இரைச்சலைக் குறைப்பது. இரைச்சலும் சுருக்கிக்குத் தகவல்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் இடம் செலவழித்து, முகத்துக்கு மிச்சம் இல்லாமல் போகும்.

எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவச மென்பொருளில் எச்.கியூ.டி.என்.3டி என்று ஒரு பில்டர் இருக்கிறது. அதன் முதல் எண் வழமையாக 4. நாங்கள் 8 போட்டோம். அப்பாடா! பந்தல் துணி பளிச்சென்று வந்தது, சுவர் துப்புரவாகியது, கோப்பும் சின்னதாகியது. எங்களுக்குப் பெரிய சந்தோசம். இரவோடிரவாக முழுக் கசற்றையும் சுருக்கிவிடலாம் என்றுகூட நினைத்தோம்.

நல்லகாலம், எங்களில் ஒருவனுக்குச் சந்தேகம் வந்தது. "பக்கத்தில பக்கத்தில வச்சுப் பார்த்தா எல்லாம் நல்லாத்தான் தெரியும். ஒரே இடத்தில மாத்தி மாத்திப் பார்ப்பம்."

அவன் சொன்னது சரி. இரண்டு படத்தைப் பக்கத்தில் வைத்தால் கண் அங்கும் இங்கும் ஓடுகிற நேரத்துக்குள் முதல் பார்த்ததை மறந்துவிடும். பதிலாக, இரண்டு கோப்பிலும் அதே இலக்கப் படத்தை எடுத்து, பிஎன்ஜியாகச் சேமித்து, பெரிதாக்காமல் சின்னதாக்காமல் அதே அளவில் திறந்து, அம்புக்குறி விசையால் மாற்றி மாற்றிப் பார்க்கவேண்டும். ஜேபெக் கூடாது, அது தன் பங்குக்கும் கொஞ்சம் அழிக்கும். நாங்கள் நான்கு படம் தெரிவுசெய்தோம்: மாமாவின் முகம், பந்தலின் இருட்டு மூலை, ஒரு சேலைக்கரை, வேகமாக அசைகிற ஒரு கை. ஒரு தடவையில் ஒரு எண்ணை மட்டும் மாற்றுவது என்று விதி வைத்தோம். இரண்டை மாற்றினால் எது என்ன செய்தது என்று தெரியாது.

விசையை அமத்த அமத்தச் சேலைக்கரை வந்து வந்து போனது. 8இல் கரை இல்லை, வெறும் நிறம்.

பிறகு ஒரு படத்திலிருந்து மற்றதைக் கழித்துப் பார்த்தோம். அதையும் எஃப்.எஃப்.எம்பெக்கே செய்யும். மிஞ்சுவது பில்டர் எறிந்த பகுதி மட்டும். இரைச்சல் மட்டும் போயிருந்தால், மிஞ்சுவதும் ஒழுங்கில்லாத புள்ளிகளாக இருக்கவேண்டும். மிஞ்சிய படம் கிட்டத்தட்டக் கறுப்பு. வெளிச்சத்தைக் கூட்டினோம்.

அதில் மாமா இருந்தார்.

வாழையிலையின் நரம்பு, கண்ணிமை, இடது புருவத்தில் ஒரு வெட்டுக்காயத் தழும்பு, சிரிப்பின் கோடு. நாங்கள் துப்புரவாக்கியதாய் நினைத்த படத்தில் இல்லாத தழும்பு, குப்பைக்குப் போன படத்தில் தெளிவாக இருந்தது. கனநேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை.

எண்ணைக் குறைத்துக்கொண்டு வந்தோம். 4இலும் முகத்தின் ஓரம் தெரிந்தது. 2இல்தான் கழித்த படம் வெறும் புள்ளியானது. படம் முந்தியளவு பளிச்சென்று இல்லை. பரவாயில்லை.

அடுத்தநாள் அம்மாவுக்கு மூன்று துண்டு போட்டுக் காட்டினோம், எது எதென்று சொல்லாமல். பில்டர் போடாதது, 8, 2. இரண்டாவதுக்கு அவ உடனே சொன்னா: "உது பவுடர் பூசின மாதிரிக் கிடக்கு. என்ரை தம்பி உப்பிடி இல்லை." மூன்றாவதைக் கூர்ந்து பார்த்தா. நாங்கள் பாராட்டுக்குக் காத்திருந்தோம்.

"முகம் அவன்தான். ஆனா நடை அவனில்லை. அவன் உப்பிடி வெட்டி வெட்டி நடக்கமாட்டான். அண்டைக்கு ரீவியிலை பாக்கேக்கை நல்லா நடந்தவன்."

முதலில் விளங்கவில்லை. பிறகுதான் ஓடி வெளித்தது. வரிகளைப் பிரிக்கிற பில்டரை வழமையான முறையில் விட்டிருந்தோம். அது செக்கனுக்கு 25 படம் தரும். பழைய ரீவி செக்கனுக்கு 50 கணத்தைக் காட்டியது. நாங்கள் அவருடைய நடையில் பாதியை எறிந்திருக்கிறோம். நிறுத்திவைத்த படங்களை எத்தனை தரம் மாற்றி மாற்றிப் பார்த்தாலும் அது தெரியவே வராது. ஒவ்வொரு படமும் தனியே பார்க்கச் சரியாகத்தான் இருக்கும்.

அமைப்பை மாற்றி 50 ஆக்கினோம். அதற்குப் பிறகு படங்களை ஒப்பிடுவதிலும் ஒருநாள் பிழைவிட்டோம். 25இல் 100ஆவது படம் 4ஆவது செக்கன், 50இல் அது 2ஆவது செக்கன். வேறு வேறு கணங்களை ஒப்பிட்டு, "முகம் மாறிப்போச்சு" என்று வீணாகப் பயந்தோம்.

கடைசியில் 14 செக்கனைச் சுருக்கி, சுருக்கிய பிறகும் அதே நான்கு படங்களை எடுத்துப் பார்த்தோம். சுருக்கியும் தன் பங்குக்கு வழிக்கும். தரத்துக்கான எண் வழமையாக 23, சின்ன எண் என்றால் கூடிய தரம். 23இல் தழும்பு மங்கியது, 18இல் நின்றது. மூலக் கோப்பை ஒன்றும் செய்யாமல் இரண்டு வன்தட்டில் வைத்திருக்கிறோம். எங்களை விடக் கெட்டிக்காரர் ஆரும் பிறகு வரலாம்.

பழைய படங்களைப் 'புதுசாக்கித் தரும்' செயலிகள் இப்போது எல்லாருடைய போனிலும் இருக்கின்றன. அழகான முகம் ஒன்று வரும், பகிர்வோம். அது ஆருடைய முகம் என்று பார்க்க, முதல் படத்தைத் திரும்ப ஒருக்காத் திறந்தால் போதும். நாங்களும் அன்று அவசரத்தில் 8இலேயே முழுக் கசற்றையும் சுருக்கி, மூலத்தை அழித்திருந்தால், அந்தத் தழும்பு இனி எங்கும் இல்லை.

அம்மாவிடம் பென்டிரைவைக் கொடுத்தபோது தழும்பைப் பற்றிக் கேட்டோம். "அது நான் மாங்காய்க்கு எறிஞ்ச கல்லு" என்றா. பிறகு, "இன்னொருக்காப் போடுங்கோ பிள்ளையள்" என்றா.

போட்டோம்.