கோபுரமில்லாத ஊர்

கலெக்டர் ஆபீஸ் நிறுத்தத்தில் இறங்கிய வெளியூர் அன்பர் ஒருவர், "சார், வேங்கிக்கால்ல பார்க்க என்ன இருக்கு?" என்று வினவினார்.

அண்ணாமலையார் கோயிலின் 217 அடி ராஜகோபுரத்தைப் பற்றியும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைப் பற்றியும் பிரசங்கமே செய்யவல்ல அடியேன், சொந்த ஊரைக் கேட்டதும் பேந்தப் பேந்த விழித்தேன்.

1989 செப்டம்பர் 30 அன்று வட ஆற்காடு ஜில்லா இரண்டாகப் பிரிந்து, சம்புவராயர் என்னும் ராஜவம்சத்தின் நாமத்தைத் தரித்துத் திருவண்ணாமலை தனி மாவட்டமான பின்னரே, வேலூர்ச் சாலையோரத்து இக்கிராமம் ஆட்சியர் அலுவலகத்தைப் பெற்று, திங்கட்கிழமைதோறும் மனுவும் கையுமாக ஜனங்கள் வந்து குவியும் ஸ்தலமாயிற்று.

1997-இல் சம்புவராயர் பெயர் போயிற்று. மனுக்கள் போகவில்லை.

ஆனால் இவற்றுக்கெல்லாம் மூத்தது எங்கள் ஏரி. அடைமழையில் நிரம்பிக் கோடி போனால், வேலூர்ச் சாலையிலேயே ஏறி நின்று, பஸ்ஸையும் பைக்கையும் மறித்து, மனு ஏதும் எழுதாமலே தன் பழைய பாத்தியதையைக் கேட்கும்.

என் அபிப்பிராயத்தில் ஊரின் முதல் சின்னம் அதுதான்.
செல்ஃபி எடுக்கத்தான் ஆளில்லை. என்னையும் சேர்த்து!

1989-க்கு முந்திய ஏரிக்கரைப் படம் யாரிடமாவது இருக்கிறதா? இருந்தால் பகிருங்களேன்.