ஆடிக்காத்தும் ஆதித்த கரிகாலனும்

அடியே தங்கம்,

ரெண்டு கடுதாசிக்கும் பதில் போடலைன்னு கோவிச்சுக்காதே. இங்க ஆடி பொறந்ததுலருந்து காத்து வச்சதுதான் சட்டம், கொடியில காயப்போட்ட சேலையைப் பக்கத்து வயல்ல போய்ப் பொறுக்கிட்டு வர்றேன். ஆடிச் சனிக்கிழமை குச்சனூர் எப்படியிருக்கும்னு உனக்குத் தெரியாததா? சனீஸ்வரனைக் கும்பிட வர்ற கூட்டத்துல நாலு பேராவது நமக்குச் சொந்தமா இருந்து தொலைக்கிறாங்க, சுரபி நதியில முங்கிட்டு ஈரத்தலையோட வந்து "ஒரு காப்பி மட்டும் போதும் மதினி"ம்பாங்க, ஆனா இலை போடாம எந்திரிக்கிறதில்லை.

அது கிடக்கட்டும். எங்கத்தைக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்லைன்னு மத்தியானத்துல கதை வாசிச்சுக் காட்டுறேன்னு சொன்னேனா, இப்ப நாங்க ரெண்டு பேரும் துப்பறியும் கதைக்கு அடிமை. முதல்ல தேவனோட துப்பறியும் சாம்பு. 1940-கள்ல விகடன்ல வந்த கதை, இன்னிக்கும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்க வைக்குது. அந்த அசட்டு பேங்க் குமாஸ்தா ஏதாவது உளறிக் கொட்டுவார், அதுலயே திருடன் மாட்டிக்குவான், இன்ஸ்பெக்டர் கோபாலன் ஆகா ஊகான்னு மெச்சுவார். "இப்படி ஒரு அதிர்ஷ்டக்காரனை உங்க மாமா கூட்டாளியா சேத்திருந்தா திராட்சைத் தோட்டம் கையைவிட்டுப் போயிருக்காது"ன்னு அத்தை ஒரு பெருமூச்சு விட்டுச்சு. அந்தக் கதையை எடுத்தா பொழுது போயிரும், விடு.

அப்புறம் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டு கடையில ராஜேஷ்குமாரோட மாத நாவல் ஒண்ணு வாங்கியாந்தேன். எடுத்த எடுப்புல பொணம், கோயமுத்தூர்க்காரர் நம்மளைக் காக்கவே வைக்கிறதில்லை. பாதி வாசிக்கும்போதே அத்தை வெத்தலையை மடிச்சுக்கிட்டே, "அந்தச் சித்தப்பன்காரனைப் பாரு, எல்லாருக்கும் ஓடி ஓடி நல்லது செய்றான், அவன்தான்"னுச்சு. அவனேதான்! எப்படி அத்தைன்னா, "நம்ம சொந்தத்துல பாத்ததில்லையா?"ங்குது.

ஆனா அந்தச் சூத்திரம் கல்கியோட பொன்னியின் செல்வன்ல செல்லலை. 1950-லருந்து நாலு வருசம் கல்கி பத்திரிகையில தொடரா வந்ததே, அதுல கடம்பூர் மாளிகைக்குள்ள சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் செத்துக் கிடக்கான். மத்த கதையில கொலைகாரன் ஒளியிறான், இதுல என்னடான்னா பழி விழுந்த வந்தியத்தேவனைக் காப்பாத்த மணிமேகலை நான்தான் கொன்னேன்ங்கிறா, பெரிய பழுவேட்டரையர் நான்தான்ங்கிறார். குத்தினது யாருன்னு தேங்கா உடைச்ச மாதிரி சொல்லாம கதையை முடிச்சுட்டு, 1954 டிசம்பர்ல ஆசிரியரும் போய்ச் சேர்ந்துட்டார். இனி யார்கிட்டப் போய்க் கேக்கிறது?

கதையில இல்லைன்னாலும் நெசச் சரித்திரத்துல, காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடியில ஒரு கல்வெட்டு இருக்கு, அதுல சோமன், ரவிதாசன், பரமேசுவரன்னு கரிகாலனைக் கொன்ன துரோகிங்க பேரும், ராஜராஜன் பட்டத்துக்கு வந்த ரெண்டாம் வருசம் அவங்க சொந்தபந்தத்தோட சொத்தையெல்லாம் பறிமுதல் பண்ணினதும் இருக்குன்னு அத்தைக்கு விளக்கிச் சொன்னேன். "பேரைத் தெரிஞ்சு என்னத்துக்கு, ஏவிவிட்டது யாரு?"ன்னுச்சு பாரு, சரித்திரப் பேராசிரியர்கள் இத்தனை வருசமா மண்டையை உடைச்சுக்கிறதே அதுக்குத்தானே!

உள்ளதைச் சொல்றேன்டி, குத்தவாளி தெரிஞ்ச கதை மறுநாளே மறந்துபோகுது, தெரியாத கதைதான் மாவாட்டும்போதும் கூடவே வருது. சுஜாதா மட்டும் என்ன, அவரோட கணேஷ்-வசந்த் துப்பறியும் கதைகள்ல வசந்தை விட்டு மெக்சிகோ சலவைக்காரி ஜோக்கைக் கதைக்குக் கதை ஆரம்பிக்க வச்சுட்டு முழுசாச் சொல்லவே விடாம நம்மளைத் தவிக்க விட்டவர்தானே. அவரோட காந்தளூர் வசந்தகுமாரன் கதை உன் அலமாரியில இருக்குன்னு ஞாபகம், கணேஷும் வசந்தும் கணேச பட்டர், வசந்தகுமாரன்னு சோழ நாட்டுக்கே போயிட்ட மாதிரி இருக்குமே, அதை அடுத்த தடவை வரும்போது மறக்காம எடுத்துட்டு வா. வாடகைக்கு ஒரு தூக்குவாளி நிறைய திராட்சை தர்றேன்.

சொல்ல மறந்துட்டேனே, கரிகாலன் கொலையில அத்தை இப்பச் சந்தேகப்படுறது யாரைங்கிறே? அவன் தங்கச்சி குந்தவையை! "ரொம்ப நல்லவ மாதிரி பேசுறா"ங்குது. நம்ம குந்தவையடி! குந்தவையைக் குறை சொல்றவங்களுக்கு இந்த வீட்டுல ராத்திரிப் பால் கிடையாதுன்னு கறாராச் சொல்லிட்டேன்.

உன்
குச்சனூர்க்காரி