'இருக்கட்டும்' என்றால் கொடுக்க வேண்டும்

கெய்ரோவின் பெட்டிக்கடை ஒன்றில் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு விலை கேட்கிறார் புதிதாக வந்திறங்கிய பயணி. கடைக்காரர் நெஞ்சில் கைவைத்து, "கல்லீஹா அலேனா" என்கிறார். 'எங்கள் கணக்கில் இருக்கட்டும்' என்று பொருள். பயணி உருகிப்போய், நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டினால் சிக்கல்தான். அது இலவசம் அல்ல, உபசாரம். "இல்லையில்லை, சொல்லுங்கள்" என்று இரண்டு மூன்று முறை வற்புறுத்திய பிறகே விலை வெளியே வரும்.

எகிப்தில் வார்த்தைக்கும் அர்த்தத்துக்கும் இடையே கொஞ்சம் தூரம் உண்டு. "இன்ஷா அல்லாஹ்" என்பது சம்மதமாக இருக்கலாம். முகத்துக்கு நேரே மறுக்க மனமில்லாததாகவும் இருக்கலாம். "மாலிஷ்" என்ற ஒரே சொல் மன்னிப்பு, ஆறுதல், 'போகட்டும் விடு' ஆகிய மூன்றுக்கும் போதும்.

இந்தியர்களுக்குக் கிடைப்பது இரட்டை வரவேற்பு. முகத்தைப் பார்த்ததுமே "அமிதாப் பச்சன்!" என்ற உற்சாகக் குரல் எழும். ஆனால் பேரம் முற்றும்போது உள்ளூர்க்காரர் இன்னொரு உள்ளூர்க்காரரிடம், "என்னை ஹிந்தி என்று நினைத்தாயா?" என்பார். ஏமாளி என்று நினைத்தாயா என்று அர்த்தம். சொல்பவர் பெரும்பாலும் இந்தியரை மனதில் வைத்துச் சொல்வதில்லை. அதனால் கோபித்துக்கொள்ளத் தேவையில்லை.

விளையாட்டே இல்லாத சொல் ஒன்றும் உண்டு. மற்ற அரபு நாடுகளில் பெரும்பாலும் 'குப்ஸ்' எனப்படும் ரொட்டிக்கு எகிப்தில் 'ஐஷ்' என்று பெயர். வாழ்வு என்பதே அதன் பொருள். தெருவில் ரொட்டித் துண்டு கிடந்தால் பெரியவர்கள் எடுத்து முத்தமிட்டு, மிதிபடாத இடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். 1977 ஜனவரியில் அரசு உணவு மானியங்களில் கைவைத்ததும் நாடு கொந்தளித்தது. விலை உயர்வு உடனே வாபஸ் ஆனது. 2011 எழுச்சியின் கோஷத்திலும் முதல் சொல் 'ஐஷ்'தான். சுதந்திரம் அதற்கு அடுத்து. ரேஷன் ரொட்டியின் விலை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக 5 பியாஸ்தராகவே இருந்தது. 2024 ஜூனில் அது 20 பியாஸ்தர் ஆனது. அதற்கு மூன்று மாதம் முன்பு எகிப்திய பவுண்டின் மதிப்பு ஒரே நாளில் சரிந்திருந்தது.

நெஞ்சில் கைவைத்த கடைக்காரர் இந்த விலைவாசியில்தான் குடும்பம் நடத்துகிறார். இருந்தும் முதலில் விலையைச் சொல்ல அவருக்குக் கூச்சம். வற்புறுத்திக் கொடுப்பது அவருடைய மரியாதையையும் காப்பாற்றுகிறது, பிழைப்பையும் காப்பாற்றுகிறது. மசூதி வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்பவருக்கும் 'பக்ஷீஷ்' உண்டு. சட்டைப்பையில் சில்லறை நோட்டுகள் இருப்பது நல்லது.

இதற்கு விதிவிலக்கு ரமலான் மாதம். சூரியன் மறையும் நேரத்தில் தெருவோரம் நீண்ட மேசைகள் போட்டு, வசதியுள்ளவர்கள் செலவில் நோன்பு திறக்கும் உணவு பரிமாறுவார்கள். 'அருளாளனின் பந்தி' என்று பெயர். பயணியையும் கைகாட்டி உட்கார வைப்பார்கள். நீ யார், எந்த மதம் என்ற கேள்வி கிடையாது. அங்கே மட்டும் 'இருக்கட்டும்' என்றால் இருக்கட்டும்தான். பணத்தை வெளியே எடுக்கக் கூடாது.